கொழும்பிலிருந்து நியூ கலிடோனியாவுக்கு: விடுமுறையைத் திட்டமிடுவோருக்கான வழிகாட்டி

தென்னை மரத்தையும் வெண்மணலையும் காண்பதற்காக மட்டும் கொழும்பிலுள்ள ஒருவர் பசிபிக் சமுத்திரம் வரை போகத் தேவையில்லை. பாசிக்குடாவும் நிலாவெளியும் ஒரு பகல் பயணத்தில் கிடைக்கின்றன. ஆகவே பிரெஞ்சு ஆட்சியின் கீழுள்ள நியூ கலிடோனியாவுக்குச் செல்ல விரும்புபவர், விமானக் கட்டணத்தைத் தேடத் தொடங்குவதற்கு முன்னர், நமது கரைகளில் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று யோசிப்பது நல்லது. எனது பார்வையில் அவை மூன்று. முதலாவது, ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளமான தடுப்புப் பவளப்பாறையும் அது காத்து நிற்கும் களப்பும். இரண்டாவது, அத்தீவுகளின் பூர்வீகக் குடிகளான கனாக் மக்களின் இன்றும் உயிரோடிருக்கும் வழமை. மூன்றாவது, அந்த மண்ணின் மீது 1853 ஆம் ஆண்டிலிருந்து படிந்துள்ள பிரெஞ்சு வாழ்க்கைமுறை. இம்மூன்றையும் மையமாக வைத்துத் திட்டமிட்டால் செலவழிக்கும் பணத்துக்கு அர்த்தம் இருக்கும். ஹோட்டலையும் கடற்கரையையும் மட்டும் வைத்துத் திட்டமிட்டால், உள்ளூரில் கிடைப்பதைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதாகவே முடியும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்குக் கிழக்கே கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தின் மொத்தப் பரப்பளவு சுமார் 18,575 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. சனத்தொகை 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 இலட்சத்து 71 ஆயிரம். 'கிராந்த் தேர்' எனப்படும் பெருந்தீவு சுமார் 400 கிலோமீற்றர் நீளமும் 50 கிலோமீற்றர் அகலமும் கொண்ட மலைத்தொடர்த் தீவாகும். அதன் கிழக்கே லிஃபூ, மாரே, உவேயா முதலிய லோயல்டி தீவுகளும், தெற்கே பைன் மரத் தீவும் உள்ளன. தலைநகர் நூமேயா பெருந்தீவின் தென்மேற்கு முனையில் இருக்கிறது. பிரெஞ்சுச் சாயல் கொண்ட பசிபிக் தீவு என்றதும் பலருக்கு தாஹிற்றியே நினைவுக்கு வரும். ஆனால் தாஹிற்றி சர்வதேசத் திகதிக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது, நமக்கும் அதற்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம், பயணமும் மிக நீண்டது. நூமேயாவின் நேரம் நமது நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் மட்டுமே முந்தியது. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் செல்லும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று.

வீசா: எல்லாவற்றுக்கும் முன்னர்

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வீசா அவசியம். இங்கேதான் அதிகமானோர் தடுமாறுகின்றனர். நியூ கலிடோனியா பிரெஞ்சுக் குடியரசைச் சேர்ந்தது என்றாலும் ஷெங்கன் வலயத்துக்குள் அடங்குவதில்லை. பாரிஸில் உள்ள சகோதரியைப் பார்ப்பதற்குப் பெற்ற ஷெங்கன் வீசா கையில் இருந்தாலும், அதைக் கொண்டு நூமேயாவில் இறங்க முடியாது. பிரான்ஸின் அதிகாரபூர்வ வீசா இணையத்தளமான 'பிரான்ஸ்-வீசா'வில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, செல்லுமிடமாகப் பிரான்ஸ் பெருநிலத்தைத் தெரிவு செய்யாமல் நியூ கலிடோனியாவையே தெரிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் வீசாவிலும் அந்த ஆட்புலத்துக்குச் செல்லுபடியாகும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டைத் திரும்பப் பெற்ற அன்றே அந்த வரியை வாசித்துப் பாருங்கள். விமான நிலையத்தில் வாசிப்பதனால் பயனில்லை.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் திகதிக்குப் பின்னர் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். தங்குமிட முன்பதிவு, போக்குவரத்து விமானப் பதிவு, குறைந்தபட்சம் 30,000 யூரோ வரையான மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி, வங்கிக் கூற்று, தொழில் வழங்குநரின் விடுமுறைக் கடிதம் ஆகியன கேட்கப்படும். வங்கிக் கூற்றை இணையத்திலிருந்து அச்சிட்டுக் கொண்டு போகாமல், கணக்கு உள்ள கிளைக்குச் சென்று முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்வது நல்லது. விண்ணப்பத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் கணக்கில் திடீரெனப் பெருந்தொகையைச் சேர்ப்பது உதவியை விடச் சந்தேகத்தையே அதிகம் தரும். சம்பளமும் சேமிப்பும் மாதக்கணக்கில் ஒழுங்காகத் தெரிவதே பலம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்க வேண்டும். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளவாறே மொழிபெயர்ப்பிலும் வருகின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். தந்தையின் பெயரை முதலில் எழுதும் நமது வழக்கத்தால் இந்த இடத்தில் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. விண்ணப்பம் சமர்ப்பிக்கும் முறையும் கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறுவதால், கொழும்பிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் அப்போதைய அறிவித்தலைப் பார்த்தே நாள் ஒதுக்குங்கள்.

புறப்படும் திகதிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு. வீசா கிடைக்கும் வரை மீளப்பெற முடியாத விமானச்சீட்டு எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்பது எனது உறுதியான ஆலோசனை.

வழியும் இடைத்தங்கலும்

கட்டுநாயக்காவிலிருந்து நூமேயாவுக்கு நேரடி விமானம் இல்லை. நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று அவுஸ்திரேலியா வழி: சிட்னி அல்லது பிரிஸ்பேன் சென்று, அங்கிருந்து நியூ கலிடோனியாவின் சொந்த விமான நிறுவனமான எயர்கலினிலோ வேறு நிறுவனத்திலோ மாறுவது. சிட்னியிலிருந்து நூமேயாவுக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் பிடிக்கும். மற்றையது சிங்கப்பூர் வழி. எயர்கலின் சிங்கப்பூருக்கும் சேவை நடத்தி வந்துள்ளது. ஆயினும் 2024 மே மாதக் கலவரத்தின் பின்னர் பல நிறுவனங்கள் நூமேயாவுக்கான சேவைகளைக் குறைத்தும் மாற்றியும் வருவதால், நீங்கள் செல்லும் மாதத்துக்கான அட்டவணையை நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வழிகளுக்கும் இடையிலான முக்கிய வித்தியாசம் கட்டணம் அல்ல, இன்னொரு வீசா. இலங்கையர் சிங்கப்பூருக்கு வீசா இன்றிச் செல்லலாம். அவுஸ்திரேலியாவிலோ விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையருக்கு வீசா தேவை. 72 மணித்தியாலத்துக்குள் அடங்கும் இடைத்தங்கலுக்கென்று தனியான இடைவழி வீசா உண்டு. ஆனால் மெல்பேணிலோ சிட்னியிலோ உறவினர் இருந்தால், அவர்களிடம் சில நாட்கள் தங்கிச் செல்லும் விதமாகப் பல தடவை நுழையக்கூடிய சுற்றுலா வீசாவுக்கு விண்ணப்பிப்பதே பொருத்தம். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என இரண்டு நுழைவுகள் தேவைப்படும் என்பதை மறந்து ஒற்றை நுழைவு வீசாவோடு புறப்பட்டவர், நூமேயாவிலிருந்து வீடு திரும்ப வழியின்றி நிற்க நேரிடும்.

உறவினர்கள் பல நாடுகளில் இருப்பதனால் இத்தீவு நமது குடும்பங்களுக்கு இன்னொரு விதத்திலும் பொருந்தி வருகிறது. ஒரே குடும்பம் கொழும்பிலும் பாரிஸிலும் சிட்னியிலுமாகப் பிரிந்து கிடப்பது இன்று சாதாரணம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு நியூ கலிடோனியா அவர்களது நாட்டின் ஒரு பகுதி. அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய விஜயத்துக்கு வீசா தேவையில்லை. ஆகவே வீசா வேலை கொழும்பில் உள்ளவர்களுக்கு மட்டுமே. பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் கூட வந்தால் மொழிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். குடும்பமாகச் சந்திக்க வருடக்கணக்காக இடம் தேடுபவர்கள் இதைக் கட்டாயம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எந்த மாதத்தில் செல்வது

பருவங்கள் அங்கே தலைகீழ். டிசம்பர் முதல் மார்ச் வரை வெப்பமும் ஈரமும் மிகுந்த காலம். சூறாவளிக்கான காலமும் அதுவே, ஏப்ரல் வரையும் நீளலாம். கொழும்புப் பாடசாலைகளின் டிசம்பர் விடுமுறை வசதியாகத் தோன்றினாலும், அதே காலத்தில் உள்ளூர்ப் பாடசாலைகளும் அவுஸ்திரேலியப் பாடசாலைகளும் மூடப்படுவதால் கட்டணம் ஏறும், சூறாவளி வந்தால் தீவுகளுக்கிடையிலான விமானங்களும் படகுகளும் நின்றுவிடும். ஓகஸ்ட் விடுமுறையில் வானிலை இனிமையானது, மழையும் குறைவு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தெற்குக் களப்புக்கு வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களையும் அக்காலத்தில் காணலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: ஓகஸ்டில் களப்பு நீரின் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். உனவட்டுனவின் வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவர்கள் சிறிது நேரத்திலேயே நடுங்கத் தொடங்குவார்கள், குறிப்பாகப் பிள்ளைகள். நீருக்கடியில் பவளம் பார்க்கும் ஆசை இருந்தால் நீச்சலுக்கான தடித்த உடையை அங்கேயே வாடகைக்குப் பெற்றுக்கொள்ளுங்கள். இரவுக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும் வேண்டும். விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு எனது தெரிவு செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரையான காலமே: நீர் சூடேறத் தொடங்கியிருக்கும், சூறாவளி இன்னும் வந்திராது.

பணம்

நாணயம் பசிபிக் பிராங். அது யூரோவோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டது: 1,000 பிராங் என்பது 8.38 யூரோ. வெள்ளவத்தையிலோ கோட்டையிலோ உள்ள நாணயமாற்று நிலையங்களில் இதைத் தேடி அலைய வேண்டாம். வங்கியில் கடவுச்சீட்டு, வீசா, விமானச்சீட்டு ஆகியவற்றைக் காட்டி யூரோவாகப் பெற்றுக்கொண்டு, மிகுதிக்கு அட்டையைப் பாவிப்பதே எளிது. கடனட்டையை வெளிநாட்டில் பாவிப்பதற்கு உங்கள் வங்கி எவ்வளவு அறவிடும் என்பதையும், வெளிநாட்டுப் பாவனை திறந்துவிடப்பட்டுள்ளதா என்பதையும் புறப்படுவதற்கு முன்னர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூமேயாவில் அட்டை எங்கும் செல்லும். தீவுகளிலும் கனாக் கிராமங்களிலும் காசுதான் தேவை, அதுவும் 500, 1,000 பிராங் தாள்களாக.

விலைவாசி உயர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்பளங்கள் பிரெஞ்சு மட்டத்தில் உள்ளன, பண்டங்களில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. செலவைக் குறைக்க விரும்புபவர்கள் சமையலறையுள்ள தங்குமிடத்தை எடுக்கலாம். நமது குடும்பங்களுக்கு அதுவே வசதியும்கூட. காலையில் போர் மோசெல் துறைமுகத்தருகே உள்ள நீலக் கூரைச் சந்தைக்குச் சென்றால் அன்று பிடித்த மீனும், சேம்பும், வள்ளிக்கிழங்கும், பப்பாசியும், வாழைப்பழமும் கிடைக்கும். திங்கட்கிழமை சந்தை இல்லை. பேரம் பேசும் வழக்கம் அங்கே கிடையாது; பேசினால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். உணவகங்களில் சன்மானம் கொடுக்க வேண்டியதும் இல்லை.

நாட்களைப் பகிர்வது

பயணத்துக்கே போவதும் வருவதுமாகச் சில நாட்கள் கழிவதால், தீவில் பத்து இரவுகளுக்குக் குறைவாகத் தங்குவது பணவிரயம். அவற்றை நூமேயாவில் மூன்று, பைன் மரத் தீவிலோ லோயல்டி தீவுகளில் ஒன்றிலோ மூன்று, பெருந்தீவின் வடக்கே நான்கு எனப் பகிர்வது நல்ல தொடக்கம். எல்லாத் தீவுகளையும் ஒரே பயணத்தில் முடிக்க முயல வேண்டாம்.

நூமேயாவில் கட்டாயம் பார்க்க வேண்டியது தினா முனையில் உள்ள ஜிபாவு பண்பாட்டு நிலையம். கனாக் மக்களின் தலைவராக இருந்து 1989 இல் உவேயாவில் சுட்டுக்கொல்லப்பட்ட ஷான்-மரி ஜிபாவுவின் பெயரால், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் 1998 இல் திறக்கப்பட்டது. கனாக் பெருங்குடிசையின் வடிவத்தைத் தழுவி மரத்தாலான பத்து உயர்ந்த கூடுகள் வரிசையாக நிற்கின்றன. மிக உயரமானது 28 மீற்றர். கடற்காற்று வரும் திசைக்கு ஏற்ப அவற்றின் மரச் சட்டங்களுக்கிடையே காற்று புகுந்து கட்டடத்தைக் குளிர்விக்கிறது. தோட்டத்தில் கனாக் ஐதிகத்தின்படி மரங்களும் செடிகளும் நடப்பட்ட பாதை ஒன்று உண்டு. இதைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவிடாமல் முதலிரு நாட்களுக்குள் பார்த்தால், அடுத்து செல்லும் கிராமங்கள் வேறு விதமாக விளங்கும்.

நூமேயாவிலிருந்து ஒரு நாளில் சென்று வரக்கூடியது அமேதே கலங்கரை விளக்கம். பாரிஸில் இரும்பால் செய்து, அங்கேயே பொருத்திப் பார்த்து, பின்னர் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து, 1865 இல் ஒளியேற்றப்பட்ட 56 மீற்றர் உயரக் கோபுரம் அது. 247 படிகள் ஏறினால் களப்பின் நீல நிறங்கள் அனைத்தும் தெரியும். கோபுரத்தைச் சுற்றியுள்ள கரையில் கறுப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் கொண்ட கடற்பாம்புகள் வெயில் காய்ந்து கிடக்கும். கொடிய நஞ்சுள்ளவை, ஆனால் சாதுவானவை. தொடாமல் விலகி நடந்தால் போதும், பிள்ளைகளுக்கு இதைப் படகிலேயே சொல்லிவையுங்கள். இன்னொரு நாளை நீல ஆற்றுப் பூங்காவுக்கு ஒதுக்கலாம். பறக்க முடியாத, சாம்பல் நிறமான காகு பறவை இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காலையில் காட்டுப் பாதையில் அமைதியாக நின்றால் அது தானாகவே அருகில் வரும். பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய கிளையைச் சேர்ந்த அம்பொரெல்லா என்ற செடியும் இத்தீவுக்கே உரியது.

பைன் மரத் தீவின் கூத்தோ, கனுமேரா விரிகுடாக்களும் ஓரோவின் இயற்கைத் தடாகமும் படங்களில் பிரபலமானவை. உபி விரிகுடாவில் துணைமிதவை கட்டிய பாய்மரத் தோணியில் சென்று, பின்னர் காட்டு வழியே நடந்து ஓரோவை அடைவது சிறந்த முறை. இதே தீவில்தான் 1871 பாரிஸ் கம்யூன் எழுச்சியில் பிடிபட்டவர்கள் பலர் நாடுகடத்தப்பட்டு வைக்கப்பட்டார்கள். சிறைச்சாலையின் இடிபாடுகளைக் கொடிகள் மூடி நிற்பதை இன்றும் காணலாம். லோயல்டி தீவுகளில் ஒன்றைத் தெரிவதானால், நீண்ட மணற்கரைக்கு உவேயா, செங்குத்துப் பாறைகளுக்கும் வனிலாத் தோட்டங்களுக்கும் லிஃபூ. இத்தீவுகளுக்கு விமானத்திலும் விரைவுப் படகிலும் செல்லலாம். விமானத்தில் செல்வோர், உள்நாட்டு விமானம் நகருக்குள் உள்ள மஜென்டாவிலிருந்தா, அல்லது நகருக்கு வெளியே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திலுள்ள தொந்தூதா சர்வதேச நிலையத்திலிருந்தா புறப்படுகிறது என்பதைப் பயணச்சீட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வடக்குக்குக் கார் வாடகைக்கு எடுப்பதே வழி. கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுச் செல்லுங்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். நூமேயாவின் சுற்றுவட்டங்களில் பழகிய பின்னரே நெடுஞ்சாலைக்குப் போவது நல்லது. மேற்குக் கரை மாட்டுப் பண்ணைகளும் நியாவுலி மரங்களும் கொண்ட வறண்ட புல்வெளி. பூராயில் கடலலை குடைந்த பாறையும், வோவுக்கு அருகே கண்டல் காட்டின் நடுவே இயற்கையாக அமைந்த இதய வடிவும் வழியில் உள்ளன. மலையைக் கடந்து கிழக்கே இறங்கினால் எல்லாம் பச்சை. யென்கேனில் கடலுக்குள் நிற்கும் கறுத்த சுண்ணக்கற் பாறைகளைக் கண்ட பின்னர், இன்னும் வடக்கே சென்றால் உவாயெம் ஆற்றைக் கடக்க பாலம் கிடையாது. மண்டூருக்குக் குருமண்வெளியில் ஏறும் 'பாதை' எனப்படும் மிதவையைப் போன்ற ஒன்றில் காரை ஏற்றி அக்கரை சேர வேண்டும், கட்டணம் இல்லை. நான் ஒருவருக்கு ஒரேயொரு சாலையைப் பரிந்துரைக்க வேண்டுமானால் இந்தக் கிழக்குக் கரைச் சாலையையே சொல்வேன்.

வழமைக்கு மரியாதை

கனாக் கிராமத்தில் ஓரிரவு தங்காமல் இந்தப் பயணத்தை முடிக்க வேண்டாம். அங்கே நிலமும் காடும் கரையும் அருவியும் ஏதோவொரு குலத்துக்கு உரியவை. யாரும் இல்லாததுபோல் தெரியும் கடற்கரைக்கும் உரியவர் இருக்கிறார். கிராமத்துக்குள் வருபவர் தன் வரவை அறிவித்து அனுமதி கேட்கும் சடங்கு 'லா கூத்தூம்' எனப்படும். அதற்காக முன்கூட்டியே நூமேயாவில் பூப்போட்ட பருத்தித் துணியில் ஓர் அளவு வாங்கி, அதன் மீது 500 அல்லது 1,000 பிராங் தாள் ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் முன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று, யார் நீங்கள், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள், வரவேற்பதற்கு நன்றி என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில், தலையைச் சற்றுத் தாழ்த்தி, உரத்துப் பேசாமல் சொல்ல வேண்டும். துணியை அவர் கையிலோ முன்னாலோ வைத்த பிறகு மௌனமாகக் காத்திருங்கள். அவர் துணியைத் தொட்டு மறுமொழி சொல்லி முடிக்கும் வரை நகர வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். பிரெஞ்சு தெரியாவிட்டால் ஆங்கிலத்திலோ தமிழிலோ சொன்னாலும் குற்றமில்லை. சொல்வது மரியாதையோடு இருப்பதே முக்கியம். தொகை பெரிதாக இருக்கத் தேவையில்லை, பெரிதாக இருந்தால் அது சங்கடம்.

அதன் பின்னர் நடமாட்டத்தில் சில ஒழுங்குகள் உண்டு. நீச்சலுடையோடு கிராமத்துக்குள் நடக்கக் கூடாது. மரவேலி சூழ்ந்த தலைவரின் பெருங்குடிசைக்குள் அழைப்பின்றி நுழையக் கூடாது. வள்ளிக்கிழங்குத் தோட்டத்தை மிதிக்கக் கூடாது. அந்தக் கிழங்கு அவர்களுடைய வருடத்தையும் சடங்குகளையும் ஒழுங்குபடுத்தும் புனிதப் பயிர். உவேயாவில் 1988 இல் நடந்த பணயக் கைதிகள் சம்பவத்தில் கொல்லப்பட்ட 19 கனாக் இளைஞர்களுக்கான நினைவிடத்தைச் சாலையோரத்தில் காண்பீர்கள். அங்கே நின்று வணங்கிச் செல்வதும், அரசியலைப் பற்றி அவர்களாகப் பேசினால் மட்டும் கேட்பதும் முறை. 2018, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் சுதந்திரம் குறித்து மூன்று வாக்கெடுப்புகள் நடந்து, மூன்றிலும் பிரான்ஸோடு இருப்பதே முடிவானது. கடைசி வாக்கெடுப்பைக் கனாக் கட்சிகள் பகிஷ்கரித்தன. 2024 மே மாதத்தில் வாக்காளர் பதிவு தொடர்பாக மூண்ட கலவரத்தில் உயிர்கள் பறிபோயின, சர்வதேச விமான நிலையமும் வழமையான சேவைகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் மூடப்பட்டிருந்தது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் செய்திகளைக் கவனிப்பதும், அமைதியின்மையால் பயணம் தடைப்பட்டால் காப்புறுதி எதைக் கொடுக்கும் என்பதை வாசிப்பதும் அவசியம். இனமும் நிலமும் வாக்கும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாற்றை அறிந்த நாம், அந்த மக்களின் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது சற்றுக் கூடுதலான கவனத்தோடு நடப்பது நமக்குப் பொருத்தமானது.

நமது மக்களின் சுவடும் அங்கே உண்டு. 1860களிலும் 1870களிலும் ரீயூனியன் தீவிலிருந்து கரும்புத் தோட்ட முதலாளிகள் சிலர் அங்கு குடிபெயர்ந்தபோது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களையும் அழைத்துச் சென்றார்கள். பிரெஞ்சுக்காரர் அவர்களை 'மலபார்' என்று அழைத்தனர். அவர்களது சந்ததியினர் மற்றவர்களோடு கலந்துவிட்டனர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையைத் தெரிந்த எவருக்கும் இது அந்நியமான செய்தியன்று.

உணவு

மாமிசம் உண்பவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. கிராமத்தில் தங்கினால் ஒரு நாள் முன்னரே சொல்லி 'பூஞ்ஞா' சமைக்கச் சொல்லுங்கள். வள்ளிக்கிழங்கு, சேம்பு, வாழைக்காய், கோழி அல்லது மீன் ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலில் நனைத்து, அனலில் வாட்டிய வாழையிலைகளில் பொதிந்து, நெருப்பில் காய்ச்சிய கற்களோடு மண்ணுக்குள் புதைத்து, மணிக்கணக்கில் வேக விடுவார்கள். பொதியை அவிழ்க்கும்போது இலையின் மணமும் பாலின் மணமும் சேர்ந்து எழும். உப்பும் உறைப்பும் குறைவு என்பதால் மிளகாய்த்தூள் தேடுபவர்கள் இருப்பார்கள், ஆனால் முதல் முறை அதை அப்படியே உண்டு பாருங்கள். சைவ உணவு உண்பவர்கள் முற்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும், மீனும் வேண்டாம் என்றால் முட்டை வரும். மூன்றும் வேண்டாம் என்பதைப் பிரெஞ்சில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பயன்படும். கொழும்பிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் பயில்பவர் யாரிடமும் எழுதி வாங்கலாம். 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சுரங்கங்களுக்கு வந்த வியட்நாமியரதும் ஜாவானியரதும் சமையலால் சோறும் நூடுல்ஸும் எங்கும் கிடைக்கின்றன. மதிய உணவு பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் மட்டுமே. அந்நேரம் தாண்டினால் பேக்கரி பாணைத்தான் நம்ப வேண்டும், அதுவோ மிக நல்ல பாண். ஞாயிறு பிற்பகலில் கடைகள் மூடியிருக்கும்.

பொதியும் பாதுகாப்பும்

கறிவேப்பிலை, மாம்பழம், மாசி, கருவாடு, விதைகள், பால்பொருட்கள் ஆகியவற்றைப் பொதியில் வைக்க வேண்டாம். நூமேயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. சந்தேகம் உள்ள எதையும் படிவத்தில் அறிவிப்பதே தண்டப்பணத்திலிருந்து தப்பும் வழி. மின்சாரம் 220 வோல்ட், செருகி உருண்டை ஊசிகள் இரண்டு கொண்ட பிரெஞ்சு வகை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மாற்றியை வாங்கிச் செல்லலாம். டெங்கு அங்கேயும் உண்டு, நுளம்புத் தடுப்புக் களிம்பு தேவை. நூமேயாவின் கரைகளில் 2023 இல் சுறாத் தாக்குதல்கள் நடந்த பின்னர் குளிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆகவே பலகையையும் கொடியையும் பார்த்து, அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் நீந்துங்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ஜூர்' என்று சொல்லாமல் நேரே விலை கேட்பது முரட்டுத்தனமாகக் கருதப்படும். அந்த ஒரு சொல் பல கதவுகளைத் திறக்கும்.

திரும்பும் நாளில், நூமேயாவிலிருந்து தொந்தூதாவுக்கு ஒரு மணித்தியாலத்தை மட்டும் கணக்கிடாமல் காலை நெரிசலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பவளம், பெருஞ்சிப்பி, நோட்டிலஸ் ஓடு போன்றவற்றைக் கரையில் பொறுக்கினாலும் கடையில் வாங்கினாலும் கொண்டுவருவது சட்டச் சிக்கலாகலாம். அதற்குப் பதிலாக லிஃபூவின் வனிலாவை மூடி முத்திரையிட்ட பொதியாக வாங்கி, வழியிலுள்ள நாடுகளின் படிவங்களில் அறிவித்துக் கொண்டுவரலாம். கையில் மிஞ்சிய பசிபிக் பிராங்குகளை அங்கேயே யூரோவாக மாற்றிவிடுங்கள். அந்த நாணயம் பிரெஞ்சுப் பொலினீசியாவிலும் வலிஸ்-புட்டூனாத் தீவுகளிலும் தவிர வேறெங்கும் செல்லாது, கொழும்பில் அதை வாங்குவார் இல்லை.